வறட்சி, வெள்ளம், காய்ச்சல்: வன்னியில் உலவும் 4 நம்பிக்கைகள்

உலகம் சூடேறச் சூடேற, மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. பொய்த்தால் நிலம் வெடிக்கிறது. இரண்டிலும் நோய்க்கு வழி உண்டு. ஊர்ப்பேச்சில் அடிபடும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: மழை இல்லாவிட்டால் நுளம்பும் இல்லை.

உண்மை: 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்து, மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. 1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இன்று வறட்சி வந்தால் பவுசர் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பித் திறந்தபடி வைக்கிறோம். டெங்கு நுளம்புக்கு அது போதும்.

நம்பிக்கை 2: டெங்கு நுளம்பு குளத்திலிருந்து வருகிறது; வீட்டில் இருந்தாலும், தேங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டால் சரி.

உண்மை: அதற்குக் குளம் வேண்டாம், சிரட்டையும் பழைய ரயரும் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெயில் ஏறினால், ஓர் எல்லை வரை, குடம்பியும் விரைவாக வளரும். நுளம்பின் உடலில் வைரசும் விரைவாகப் பெருகும்.

நம்பிக்கை 3: எலி கடித்தால்தான் எலிக்காய்ச்சல்.

உண்மை: எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேறும் வெள்ளநீரும்தான் வழி. கால் வெடிப்பு, சிராய்ப்பு ஊடாகக் கிருமி நுழையும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் மழை கொட்டியது. டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. காலபோக வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் நின்றதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நம்பிக்கை 4: எல்லாம் காலநிலை மாற்றம், எங்களால் என்ன செய்ய முடியும்?

உண்மை: மலேரியாவுக்குப் பேர்போன வன்னியே இதற்குப் பதில். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகளே இருந்தனர். கண்காணிப்புத் தளர, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் இலட்சக்கணக்கில் திரும்பியது. பின்னர் இரத்தப் பரிசோதனை, நுளம்பு வலை, சுவருக்கு மருந்தடிப்பு என்று விடாமல் செய்ததில், வெப்பம் கூடிவந்த அதே காலத்தில் மலேரியா ஒழிந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. எனவே இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், டெங்குவோடு மலேரியாவுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.