கிளாரினெட் பழகும் தம்பி தங்கைகளுக்கு: ரீடையும் வாத்தியத்தையும் பார்த்துக்கொள்வது எப்படி?

ஓம் சரவணபவ! வேலும் மயிலும் துணை!



தைப்பூசம், பங்குனி உத்திரம் நெருங்கினாலே காவடிக் குழுக்கள்ல புதுசா வாத்தியம் பழகுறவங்க வந்து சேருவாங்க. மேளம், உறுமி, பம்பை பக்கம் போறவங்க ஒரு பாதி. "அண்ணா, எனக்கு ஊதுற வாத்தியம் வேணும்"னு வர்றவங்க மறு பாதி. நாதஸ்வரம் பழகணும்னா குருகிட்ட வருஷக்கணக்கா உட்காரணும். அதுக்கு மூச்சு வேணும், உதட்டு வலிமை வேணும், பொறுமை வேணும். அதனால புதுசா வர்ற பிள்ளைங்க பல பேர் முதல்ல கையில எடுக்கிறது கிளாரினெட். சரியா பிடிச்சு ஊதினா முதல் வாரத்திலேயே ஒரு நல்ல சத்தம் வந்துடும்.

நான் எங்க ஊர்க் குழுவில கிளாரினெட் வாசிக்கிறேன். நாலஞ்சு பிள்ளைங்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்தப் பதிவு எப்படி வாசிக்கிறதுன்னு சொல்ற பாடம் இல்ல. எப்படிப் பார்த்துக்கிறதுன்னு சொல்ற பாடம். இது எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன்.

எட்டாவது படிக்கிற ஒரு பையன், மூணு வாரமா வாயை வச்சாலே கீச்சுக் கீச்சுன்னு சத்தம். ஒரு நாள் வந்து, "எனக்கு மூச்சும் இல்ல, ஞானமும் இல்லண்ணா. நான் காவடி மட்டும் தூக்கிக்கிறேன்"னு சொல்லிட்டான். அவனோட ரீடைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். நுனியில ஒரு மூலை உடைஞ்சு போயிருந்தது. வேற ரீடு மாட்டிக் கொடுத்தேன். அதே பையன், அதே மூச்சு, சத்தம் மணி மாதிரி வந்தது. தனக்கு ஞானம் இல்லைன்னு அவன் முடிவு பண்ணினது ஒரு உடைஞ்ச நாணல் துண்டை வச்சுத்தான்!

இப்படி வாத்தியத்தைக் கீழே வச்சுட்டுப் போறவங்க எத்தனையோ பேர். அதனாலதான் சொல்றேன், பராமரிப்பு தெரிஞ்சிருக்கிறது பாதி வாசிப்பு.

*கொஞ்சம் வரலாறு*

கிளாரினெட் பிறந்தது ஜெர்மனியில, நியூரம்பர்க் நகரத்துல. 1700-ஐ ஒட்டிய வருஷங்கள்ல யோஹான் கிறிஸ்டோப் டென்னர் என்கிற கைவினைஞர் உருவாக்கினதா சொல்வாங்க. நம்ம ஊர் சதிர்க் கச்சேரிக்குள்ள 19-ஆம் நூற்றாண்டிலேயே அது நுழைஞ்சிடுச்சு. அதுல முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்ய முடியும்னு காட்டினவர்கள்ல முக்கியமானவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அதனால இதை வெறும் பேண்ட் வாத்தியம்னு யாரும் குறைச்சு நினைக்க வேண்டாம்.

*1. ரீடு: சின்னதுதான், ஆனா எல்லாமே அதுதான்*

நாதஸ்வரத்துச் சீவாளியில ரெண்டு நாக்கு ஒண்ணோட ஒண்ணு அதிரும். கிளாரினெட்டுல ஒரே நாக்குதான், அது மவுத்பீஸ் மேல அதிரும். அந்த ஒற்றை நாக்குதான் ரீடு. அருண்டோ டோனாக்ஸ் என்கிற பெரிய நாணல்ல செய்றது. இதோட நுனி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். சட்டைத் துணி உரசினாலே நுனி உடைஞ்சுடும்.

ரீடு பெட்டி மேல 1.5, 2, 2.5, 3 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட ரீடு கடினம். புதுசா பழகுறவங்களுக்கு 2 அல்லது 2.5 போதும். "பெரிய எண் வச்சாதான் பெரிய ஆள்"னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. கடினமான ரீடை ஊத முடியாம உதட்டைக் கடிச்சுப் பழகிட்டா, அந்தப் பழக்கம் போறது ரொம்பக் கஷ்டம்.

ரீடு விஷயத்துல நான் பிள்ளைங்ககிட்ட சொல்றது இவ்வளவுதான்:

• வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வாயில வச்சு, இல்லன்னா சுத்தமான தண்ணியில நனைச்சு ஈரமாக்குங்க. காய்ஞ்ச ரீடோட நுனி அலை அலையா நெளிஞ்சிருக்கும். நனைஞ்சா நேராயிடும்.

• தொடும்போது கனமான அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் மட்டும் பிடிங்க. நுனியில விரல் படவே கூடாது.

• ஒரே ரீடை உயிர் போற வரைக்கும் ஊதாதீங்க. மூணு நாலு ரீடு வச்சுக்கிட்டு, பென்சில்ல 1, 2, 3 என்று எழுதி, நாளுக்கு ஒண்ணா மாத்தி மாத்தி வாசிங்க. புது ரீடை முதல் சில நாள் அஞ்சு, பத்து நிமிஷம் மட்டும் ஊதுங்க.

• வாசிச்சு முடிச்சதும் கழட்டி, ஈரத்தை மெதுவா துடைச்சு, தட்டையா வைக்கிற ரீடு டப்பாவுல வைங்க. ஈரத்தோட மவுத்பீஸ்லயே விட்டு மூடி போட்டா பூஞ்சை பிடிக்கும்.

• நுனி உடைஞ்சாலோ, கீறல் விழுந்தாலோ, கருப்புப் புள்ளி வந்தாலோ தூக்கிப் போடுங்க. வாயில வைக்கிற பொருள், அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

• முக்கியமா, ரீடு ஒருத்தருக்கு ஒண்ணு. குழுவில வாத்தியம் பொதுவா இருக்கலாம், ரீடு பொதுவா இருக்கவே கூடாது. ஒருத்தருக்குச் சளி பிடிச்சா குழு முழுக்கப் படுத்துடும். மவுத்பீஸும் ஆளுக்கு ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது. இல்லன்னா கை மாறும்போது சோப்புத் தண்ணியில கழுவிட்டுக் கொடுங்க.

*2. மாட்டும் முறை*

கிளாரினெட்டுல அஞ்சு துண்டு: மவுத்பீஸ், பேரல், மேல் துண்டு, கீழ்த் துண்டு, பெல். கீழே இருந்து மேலே போங்க. ரீடு கடைசியில.

மூட்டுல இருக்கிற கார்க் மேல கொஞ்சம் கார்க் கிரீஸ் தடவுங்க. கார்க் கிரீஸ் கிடைக்கலைன்னு தேங்காய் எண்ணெயோ சைக்கிள் எண்ணெயோ தடவாதீங்க. நாளாக ஆக அது பிசுபிசுன்னு ஒட்டி, தூசியையும் சேர்த்துப் பிடிச்சுக்கும்.

மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் சேர்க்கும்போதுதான் நிறைய வாத்தியம் கெட்டுப்போகுது. ரெண்டு துண்டுக்கும் நடுவுல பாலம் மாதிரி ஒரு கீ இருக்கு. மேல் துண்டு வளையத்தை விரலால அழுத்திப் பிடிச்சா அந்தப் பாலம் மேலே தூக்கிக்கும். அப்படியே பிடிச்சுக்கிட்டு, மெதுவா திருகிச் சேருங்க. கம்பிகளை இறுக்கிப் பிடிச்சுத் திருகினா கீ வளைஞ்சுடும், சத்தம் ஒழுகும்.

ரீடு மாட்டும்போது முதல்ல லிகேச்சரைத் தளர்வா மாட்டிட்டு, அதுக்குள்ள ரீடை அடிப்பக்கத்தால இறக்குங்க. ரீடு நுனிக்கு மேல மவுத்பீஸோட கருப்பு விளிம்பு ஒரு முடி அளவு தெரியணும். திருகாணியை ரீடு அசையாத அளவுக்கு மட்டும் முடுக்கினா போதும்.

*3. பிரசாதமும் வாத்தியமும்*

இது நம்ம பிள்ளைங்களுக்குன்னே சொல்ல வேண்டியது. அபிஷேகம் முடிஞ்சு பஞ்சாமிர்தம் வாங்கிச் சாப்பிட்டுட்டு அப்படியே வாத்தியத்தை வாயில வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு எல்லாம் சேர்ந்தது பஞ்சாமிர்தம். அந்த இனிப்பு எச்சிலோட உள்ளே போனா, துளைகளை மூடுற பேடுகள்ல ஒட்டிக்கும். மறுநாள் கீயை அழுத்தி விட்டா 'சட்டு'ன்னு ஒட்டி ஒட்டித் திறக்கும். பிரசாதம் வாங்குங்க, சந்தோஷமா சாப்பிடுங்க. வாயைக் கொப்பளிச்சுட்டு அப்புறம் ஊதுங்க.

அதே மாதிரி ஆயுத பூஜைக்கு வாத்தியத்துக்குச் சந்தனம், குங்குமம் வைக்கணும்னு ஆசை இருக்கும். தப்பே இல்ல. ஆனா பெட்டி மேல வைங்க. விபூதித் தூளும் சந்தனமும் கீ நடுவுல போனா ஸ்பிரிங்கும் திருகும் இறுகிடும். மரியாதை செய்யணும்னு நினைச்சு வாத்தியத்தோட வாயை அடைச்சுடக் கூடாது, இல்லையா?

*4. வெயில், பனி, மழை*

புதுசா பழகுறவங்க வாத்தியம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏத்தது. அதுக்காக வெயில்ல நிக்கிற வேன் உள்ளே விட்டுட்டுப் போகாதீங்க. கார்க் ஒட்டின பசையும் பேடு ஒட்டின பசையும் உருகிடும்.

மர வாத்தியம் வச்சிருந்தா இன்னும் கவனம் வேணும். அது ஆப்பிரிக்கக் கருமரம். தை மாசப் பாதயாத்திரையில விடிகாலைப் பனியில எடுத்ததும் சூடான மூச்சை உள்ளே விட்டா, உள்பக்கம் விரிய வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். அப்படித்தான் மரத்துல விரிசல் விழுது. முதல்ல கொஞ்ச நேரம் கையில, சட்டைக்குள்ள வச்சு வெதுவெதுப்பாக்கிட்டு, மெதுவா ஆரம்பிங்க.

மழையில நனைஞ்சா பேடு ஊறிப் பெருத்துடும். அதனால தூறல் விழுந்தாலே பெட்டிக்குள்ள வச்சுடுங்க. பெட்டியைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தா நல்லது.

*5. வாசிச்ச பிறகு அஞ்சு நிமிஷம்*

ஊர்வலம் முடிஞ்சதும் எல்லாருக்கும் பசி. ஆனா அந்த அஞ்சு நிமிஷம்தான் வாத்தியத்தோட ஆயுசு.

ரீடைக் கழட்டித் துடைச்சு டப்பாவுல வைங்க. மவுத்பீஸைக் கழட்டுங்க. கயிறு கட்டின மெல்லிய துணியை வாத்தியம் உள்ளே விட்டு மெதுவா இழுத்து ஈரத்தை எடுங்க. துணி சுருண்டு முடிச்சா இருக்கக் கூடாது. மேல் துண்டு உள்ளே ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், துணி அதுல மாட்டிக்கும். மாட்டினா பலமா இழுக்காதீங்க, குச்சி விட்டுக் குத்தாதீங்க. வந்த வழியே பின்னால இழுத்துப் பாருங்க. வரலைன்னா ரிப்பேர் செய்றவர்கிட்ட போங்க.

மவுத்பீஸை வாரம் ஒரு தடவை லேசான சோப்பும் சாதாரணத் தண்ணியும் விட்டுக் கழுவுங்க. சுடுதண்ணி வேண்டவே வேண்டாம். கருப்பு எபோனைட் மவுத்பீஸ் சூட்டுல நிறம் மாறும், வடிவமும் கெடும். வடிவம் கெட்ட மவுத்பீஸ்ல எந்த ரீடும் பேசாது.

பேடு ஒட்டினா மெல்லிய காகிதத்தை நடுவுல வச்சு கீயை அழுத்தி, விட்டு, எடுங்க. அழுத்தின நிலையில காகிதத்தை இழுத்தா பேடோட மெல்லிய தோல் கிழியும். பவுடர் போடாதீங்க.

*6. கீச்சுச் சத்தம் வந்தா?*

இந்த வரிசையில பாருங்க. முதல்ல ரீடு: உடைஞ்சிருக்கா, காய்ஞ்சிருக்கா, கோணலா மாட்டியிருக்கா? அடுத்து விரல்: துளையை முழுசா மூடுதா? மூணாவது வாய்: ரீடைக் கடிக்கிறீங்களா? நாலாவது பேடு, கீ: காத்து ஒழுகுதா? இந்த நாலும் சரியா இருந்து அதுக்கப்புறமும் கீச்சுன்னா, இன்னும் கொஞ்சம் பழகணும்னு அர்த்தம். "எனக்கு வராது"ங்கிறது இந்தப் பட்டியல்லயே கிடையாது.

*7. திருவிழா முடிஞ்ச பிறகு*

நிறைய வாத்தியம் சாகிறது திருவிழாவுல இல்ல, பரண் மேலதான். பங்குனி உத்திரம் முடிஞ்சதும் பெட்டியை ஏத்தி வச்சுட்டு அடுத்த வருஷம்தான் இறக்குறோம். அதுக்குள்ள கார்க் சுருங்கிடும், பேடு உள்ளே இருக்கிற கம்பளியைப் பூச்சி அரிச்சுடும், பெட்டிக்குள்ள பூஞ்சை வாடை. பூச்சி வரக்கூடாதுன்னு அந்துருண்டை போடாதீங்க. அந்த வாத்தியத்தைத்தான் நாளைக்கு வாயில வைக்கப் போறீங்க!

இதுக்கு ஒரே மருந்து, வாரம் ஒரு நாள் திறந்து பத்து நிமிஷம் வாசிக்கிறது. செவ்வாய்க்கிழமையோ சஷ்டியோ, உங்களுக்கு மறக்காத ஒரு நாளா வச்சுக்கோங்க. வாத்தியமும் நல்லா இருக்கும், உங்க உதடும் பழக்கம் விடாம இருக்கும். அடுத்த தைப்பூசத்துக்கு நீங்க முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

ஸ்பிரிங் உடைஞ்சா, கீ வளைஞ்சா, திருகு கழண்டு போனா மட்டும் வீட்டுல குறடு எடுக்காதீங்க. தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க. மத்ததெல்லாம் உங்க கையாலேயே முடியும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. உங்க பெட்டியை இறக்கி, ரீடை எடுத்து விளக்கு வெளிச்சத்துல பாருங்க. நுனி முழுசா இருக்கா? இல்லன்னா நாளைக்கே புதுசு வாங்குங்க. உங்க குழுவில "எனக்கு வரலைண்ணா"ன்னு சொல்லிட்டுப் போன தம்பியோ தங்கச்சியோ யாராவது இருந்தா, இந்தப் பதிவை முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!