பழைய லாரியில் கூலன்ட் குறைகிறதா?
தாராவிச் சந்துகளில் முதல் கியரிலேயே ஊரும் பழைய டாடா 407-க்குக் காற்றோட்டம் குறைவு. எல்லாச் சுமையும் ரேடியேட்டர் மேல்தான். தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாமே என்பார்கள். அது கூலன்டை நீர்க்கச் செய்து உள்ளே துருவைத்தான் வளர்க்கும். கசிவைக் கண்டுபிடிப்பதே வழி. ஆனால் சூட்டில் கசியும் சொட்டு உடனே ஆவியாகிவிடும், மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும். ஆகவே இன்ஜின் நன்றாக ஆறியபின் கசிவைத் தேடுங்கள். ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் பச்சையோ வெள்ளையோ பொருக்கு, வாட்டர் பம்பின் அடித்துளையில் ஈரம், இவைதான் தடயம். ஒன்றும் தெரியவில்லையா? பிரஷர் டெஸ்டரில், ரேடியேட்டர் மூடியில் குறித்த அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றிப் பாருங்கள்.

கசிவடைக்கும் பவுடர் மலிவுதான். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடலாம். வெடித்த ஹோஸையும் தளர்ந்த கிளாம்பையும் மாற்றுவதே சிக்கனம். வெளியே சொட்டே இல்லாமல் அளவு இறங்கி, ஆயிலும் பால்நிறமானால் ஹெட் கேஸ்கெட் மீதே முதல் சந்தேகம், வண்டியை எடுக்காதீர்கள்.