கைக்கணினியின் திரையும் பாட்டரியும்

இராசிபுரம் பக்கத்துக் குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் உச்சி வெயிலில் நின்று, டேப்லெட் என்னும் கைக்கணினியில் புல எண்ணைச் சரிபார்க்க முயன்றவர் அறிவர்: திரை மங்கித் தோன்றும்; ஒளியைக் கூட்டினாலோ பாட்டரி விரைவில் இறங்கிவிடும். பஞ்சாயத்து நிதியிலிருந்து இக்கருவியை வாங்க எண்ணும் உறுப்பினர்கள் இதன் காரணத்தை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

திரை என்பது சிறுசிறு புள்ளிகளால் ஆனது. அவை நெருங்க நெருங்க எழுத்துத் தெளிவாகும். ‘ண’கர ‘ன’கர வேறுபாடும், மெய்யெழுத்தின் மேற்புள்ளியும் கலங்காமல் தெரிய இந்நெருக்கம் வேண்டும், பட்டாவில் ஒரு பெயரைப் பிழையாகப் படித்தால் விளையும் தொல்லை நமக்குப் புதிதன்று.

ஆனால் புள்ளிகளுக்கு விலை உண்டு. எல்சிடி திரையில் ஒவ்வொரு புள்ளியையும் இயக்கும் நுண்கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும், பின்னாலுள்ள விளக்கின் ஒளியில் ஒரு பகுதியை மறைக்கின்றன. புள்ளிகள் பெருகும்போது அதே வெளிச்சம் பெற விளக்கு அதிக மின்சாரம் உண்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஐபேட் 2 கருவியின் திரை 1024×768 புள்ளிகள் கொண்டது. பாட்டரி 25 வாட்-மணி. 2012-இல் புள்ளிகளை 2048×1536 என நான்கு மடங்காக்கினர். முன்போல் 10 மணி நேரம் உழைப்பதற்கே பாட்டரியை 42.5 வாட்-மணியாகப் பெருக்க நேர்ந்தது. எடையும் சுமார் 50 கிராம் கூடிற்று.

அப்படியாயின் நமக்கு எவ்வளவு போதும்? ஒன்றரை அடி தூரத்தில் பிடித்துப் படிக்கும்போது, அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 புள்ளிகளுக்கு மேல் போனால் சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. 10 அங்குலத் திரையில் 1280×800 என்பது அங்குலத்துக்குச் சுமார் 150 புள்ளிகளே. சிறிய எழுத்துக்குச் சற்றுக் குறைவு. 1920×1200 என்பது 226, தாராளமாகப் போதும். அதற்கும் மேற்பட்ட திரைக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரிய பாட்டரிக்குச் செலவிடுவதே வயல் வேலைக்கு உகந்தது என்பது நம் கருத்து.

கடைக்காரர் பாட்டரியின் அளவை மில்லி ஆம்பியர்-மணியில் கூறுவார். அதனை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும்: 7000 மில்லி ஆம்பியர்-மணி, 3.8 வோல்ட் எனில் 26.6 வாட்-மணி. ஒப்பிட வேண்டியது இவ்வெண்ணையே.

வாங்கிய பின் அமைப்பில் புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. அதனால் கணினியின் வேலை சற்றுக் குறையுமேயன்றிப் பின்விளக்கின் செலவு குறையாது. மர நிழலுக்கு வந்து ஒளியைத் தாழ்த்திப் படித்தலே பலன் தரும். சேலம், நாமக்கல் பகுதிகளில் சித்திரை, வைகாசி வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அவ்வெப்பத்தில் லித்தியம் பாட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ஆகையால் கருவியை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்துவிட்டுச் செல்லலாகாது.