ஒரே வடிவம், இரு விடைகள்

மேனிலை வகுப்பில் ஒளியியல் பயிலும் மாணாக்கர் பலரை ஒரு வாய்பாடு தடுமாறச் செய்கின்றது. இரட்டைப் பிளவில், பிளவுகளின் இடைத்தொலைவைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க, அலைநீளத்தின் முழு எண் மடங்கு வருமாயின் அங்கே ஒளி. ஒற்றைப் பிளவில், பிளவின் அகலத்தை அவ்வாறே பெருக்க முழு எண் மடங்கு வருமாயின் அங்கே இருள். வடிவம் ஒன்று, விடையோ நேர்மாறு. வெறும் மனப்பாடத்தை நம்பியவர் தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுதல் இயல்பே.

காரணத்தை நோக்குவோம். இரட்டைப் பிளவில் நாம் கணக்கிற் கொள்வன இரண்டே அலைகள். பாதை வேறுபாடு ஓர் அலைநீளமாயின் முகடும் முகடும் சேர்ந்து ஒளி பெருகுகின்றது. இது குறுக்கீட்டு விளைவு. (குறுக்கீடு என்னும் தமிழ்ச்சொல் இடையூற்றையே நினைப்பிக்கின்றது, ஒளி பெருகுவதும் குறுக்கீடே என்பதை ஆசிரியர் எடுத்துரைத்தல் நலம்.) ஒற்றைப் பிளவிலோ அகலம் முழுவதிலிருந்தும் எண்ணற்ற சிற்றலைகள் புறப்படுகின்றன. இரு விளிம்புகளுக்கிடையே பாதை வேறுபாடு ஓர் அலைநீளமெனில், பிளவை மனத்தால் இரு பாதிகளாக்குக. மேற்பாதியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்ப்பாதியில் அரை அலைநீளம் வேறுபட்ட இணை ஒன்று உண்டு. முகடும் அகடுமாய் அவை ஒன்றையொன்று அழிக்கின்றன, எஞ்சுவது இருள். நேர் நடுவில் மட்டும் வேறுபாடே இல்லை. ஆதலின் அங்குப் பேரொளி.

இத்தகைய விளைவைக் காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. இரவில் காந்தி மார்க்கெட் கடைவீதியில் நின்று, 50 மீட்டர் தொலைவிலுள்ள சிறு விளக்கொன்றை மெல்லிய மல் துணியின் ஊடே நோக்குக. கூட்டல் குறி வடிவில் துணை விளக்குகள் தோன்றும். துணியைத் திருப்பினால் அவையும் உடன் திரும்பும். இழைகளின் இடைவெளி 0.2 மி.மீ., அலைநீளம் 0.0006 மி.மீ. எனக் கொண்டால், அடுத்தடுத்த உருக்கள் 15 செ.மீ. விலகித் தோன்றும். சிவப்பின் அலைநீளம் மிகுதியாதலின் அந்நிறம் வெளிப்புறம் நிற்கும்.

அங்கிருந்து வடக்கே சென்று காவிரியைக் கடந்தால் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சர் சி. வி. இராமன் பிறந்த ஊர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராய் அவர் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை 1906 நவம்பரில் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தது. அதன் பொருளும் விளிம்பு விளைவே. முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழுந்து மீளும்போது தோன்றும் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாமையை அவர் கண்டார். சிறு கோணங்களில் சைன் மதிப்பையும் கோணத்தையும் ஒன்றெனக் கொள்ளப் பாடநூல் இசைகின்றது. அத்துணைச் சாய்வில் அது செல்லாது: சைன் மதிப்பு சமப்படிகளில் மாறினும் கோணம் அவ்வாறு மாறுவதில்லை, பட்டைகள் ஒருபுறம் நெருங்கி மறுபுறம் விரிகின்றன. கட்டுரை வெளிவந்தபோது இராமனுக்கு வயது 18.