பத்து விரல், மூன்று பாட்டில்

பாட்டிலில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய நிறம், நகத்தில் ஏறியதும் ஆளே மாறிவிடும். பாட்டிலுக்குள் அது ஒரு விரற்கடை தடிமனில் நிற்கிறது. நகத்தில் அதுவே மெல்லிய படலம். அடியிலிருந்து நகத்தின் இயல்பான இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். போதாததற்குக் கடையின் பளீர் வெளிச்சம் வேறு.

இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கச் செல்லோடேப் போதும். ஒரு சிறு துண்டை நகத்தின் மேல் ஒட்டி, அதன்மீது இரண்டு கோட் பூசிப் பார்க்கலாம். காய்ந்ததும் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவில் வீட்டு விளக்கில் ஒருமுறை, உடுத்தப்போகும் புடவை அல்லது சுடிதாரின் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். பிடிக்கவில்லையென்றால் உரித்துவிடலாம், ரிமூவரே தேவையில்லை. பிடித்ததை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கம்பெனி பெயரையும் ஷேடு எண்ணையும் எழுதி வைத்தால் அடுத்த முறை கடையில் தடுமாற வேண்டாம்.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் "டார்க் கலர் எடுக்காது" என்று சொல்லும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் காதில் வாங்க வேண்டியதில்லை. மெரூன், ஒயின், செம்பு, மயில் பச்சை, கடுகு மஞ்சள் எல்லாம் இந்தத் தோலில்தான் எடுப்பாகத் தெரியும். வெள்ளை அதிகம் கலந்த வெளிர் ரோஸ்தான் பல கைகளில் ஒட்டாமல் தனித்து நிற்கும். அதை மட்டும் டேப்பில் சோதிக்காமல் வாங்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று பாட்டில் போதும்: பிடித்த அடர் நிறம் ஒன்று, வெள்ளை ஒன்று, பேஸ் கோட்டாகவும் டாப் கோட்டாகவும் பயன்படும் நிறமில்லாதது ஒன்று.

திறக்கும் முன்பே பாதி வேலை

பூசிய மறுநாளே பாலிஷ் உரிந்து வந்தால் பலரும் பிராண்டைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் நகத்தில் இருந்த ஈரமும் எண்ணெயும்தான். நகம் தண்ணீரை உறிஞ்சிச் சற்று உப்பும். காயும்போது பழைய அளவுக்குச் சுருங்கும். ஈர நகத்தில் பூசினால், அது சுருங்கும்போது மேலே இருக்கும் பூச்சின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே குளித்த கையோடு, பாத்திரம் தேய்த்த கையோடு உட்காரக் கூடாது. குறைந்தது அரை மணி நேரமாவது போகட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த நாளென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

நகத்தை வெட்டி, ஃபைலை ஒரே திசையில் இழுத்து ஓரத்தைச் சீராக்க வேண்டும். முன்னும் பின்னும் ரம்பம் போல அறுத்தால் நுனி பிரியும். அடிப்பகுதியில் படிந்திருக்கும் மெல்லிய தோலை வெட்டவே கூடாது. கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். லேசாகப் பின்னுக்குத் தள்ளினாலே போதும். கடைசியாகப் பஞ்சில் கொஞ்சம் ரிமூவர் தொட்டு, பாலிஷ் இல்லாத நகத்தையும் ஒருமுறை துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும்.

அடுத்தது பேஸ் கோட். சிவப்பு, நீலம் போன்ற அடர் நிறங்களை நேராகப் பூசினால் அவற்றின் சாயம் நகத்தில் ஏறி மஞ்சள் கறையாக நின்றுவிடும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அந்தக் கறை முழுதாக வளர்ந்து வெளியேற ஏறக்குறைய 6 மாதம் ஆகும்.

மூன்றே இழுப்பு

பாட்டிலைக் குலுக்கக் கூடாது. காற்று புகுந்து குமிழி வரும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் நிறம் கலந்துவிடும். மின்விசிறியை நிறுத்துவது நல்லது. காற்று வேகத்தில் பிரஷ்ஷிலேயே பாலிஷ் இறுகி, கோடு கோடாக விழும்.

பிரஷ்ஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தோலிலிருந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டால் ஓரம் வழியாது, சீக்கிரம் உரியவும் உரியாது. நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷ்ஷை ஒருமுறை ஓட்ட வேண்டும். தேய்மானம் தொடங்குவது அங்கேதான். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள், பொறுமை இருக்கும்போதே இடக்கையால் வலக்கைக்குப் பூசி முடித்துவிடலாம். முழங்கையை மேசையில் ஊன்றி, பிரஷ்ஷை அசைக்காமல் விரலை மெல்லத் திருப்பினால் நடுக்கம் தெரியாது.

முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அங்கே பொறுமையிழந்து தடிமனாக அப்புவதுதான் எல்லாவற்றையும் கெடுப்பது. நெயில் பாலிஷில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். 1920களில் கார்களுக்கு அடித்த பெயின்ட்டிலும் அதுவே இருந்தது. அதைக் கரைத்து வைத்திருக்கும் எத்தில் அசிடேட்டும் பியூட்டைல் அசிடேட்டும் ஆவியாகி வெளியேறினால்தான் பூச்சு இறுகும். தடிமனாக அப்பினால் மேல்பக்கம் முதலில் காய்ந்து, உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இரவு பூசிக்கொண்டு படுத்து, காலையில் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகப் பதிந்திருப்பது இதனால்தான். மெல்லிய இரண்டு கோட், நடுவே மூன்று நிமிட இடைவெளி, பிறகு டாப் கோட் என்று போனால் இந்தத் தொல்லை இல்லை. விரலை ஐஸ் தண்ணீரில் முக்கினால் சீக்கிரம் காயும் என்று பலர் நம்புகிறார்கள். குளிரில் மேற்பரப்பு கெட்டியாகும், உள்ளே ஆவியாவது இன்னும் தாமதமாகும்.

புள்ளி வைத்துத் தொடங்கலாம்

கோலம் போடத் தெரிந்த கைக்கு நெயில் ஆர்ட்டில் முதல் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது: புள்ளி. ஹேர்பின்னின் உருண்டை முனை பெரிய புள்ளிக்கு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா நடுத்தரப் புள்ளிக்கு, டூத்பிக் சின்னப் புள்ளிக்கு. வெள்ளை பாலிஷில் ஒரு சொட்டைப் பழைய விசிட்டிங் கார்டில் விட்டு, முனையைத் தொட்டு, அழுத்தாமல் நகத்தில் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட்டால் எல்லாம் ஒரே அளவில் வரும். ஒருமுறை தொட்டுக்கொண்டு வரிசையாக வைத்துப் போனால் புள்ளி சிறுத்துக்கொண்டே போகும். கொடி மாதிரி வடிவத்துக்கு அது அழகு. ஐந்து புள்ளியை வட்டமாக வைத்து, நடுவில் வேறு நிறத்தில் ஒன்று வைத்தால் பூ. ஈரமாக இருக்கும்போதே புள்ளியின் நடுவில் ஊசி முனையை வைத்து ஒரு பக்கமாக இழுத்தால் இலை. மோதிர விரலில் மட்டும் பூவைப் போட்டு மற்ற நகங்களை ஒற்றை நிறத்தில் விடுவதுதான் பார்க்கவும் நன்றாக இருக்கிறது, செய்யவும் எளிது.

நேர்க்கோட்டுக்குச் செல்லோடேப். அடி நிறம் நன்றாகக் காய ஒரு மணி நேரமாவது விட வேண்டும். டேப்பை முதலில் புறங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிட்டுத்தான் நகத்தில் ஒட்ட வேண்டும். மேலே இரண்டாவது நிறம் பூசியதும், அது ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். நுனியில் மட்டும் வெள்ளை வைக்கும் ஃப்ரெஞ்ச் பாணிக்கும் இதே டேப்தான். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும், 1970களில் ஹாலிவுட் நடிகைகளுக்காக அதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவில் ஆர்லி நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க். ஒவ்வொரு உடைக்கும் நிறம் மாற்றும் வேலையை அது மிச்சப்படுத்தியது.

இரண்டு நிறம் ஒன்றில் ஒன்று கரைவதுபோல வேண்டுமென்றால் மேக்கப் ஸ்பாஞ்ச் எடுக்கலாம். அதில் இரு நிறத்தையும் அடுத்தடுத்துப் பட்டையாகப் பூசி, நகத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். சுற்றியுள்ள தோலில் நிறம் படியும். முன்கூட்டியே அங்கே ஃபெவிகால் தடவிக் காயவிட்டால், முடிந்ததும் அப்படியே உரித்துவிடலாம்.

எந்த டிசைன் ஆனாலும் பத்து நிமிடமாவது கழித்தே டாப் கோட். அதையும் பிரஷ் நகத்தில் உரசாமல், தாராளமாகத் தொட்டு மேலோட்டமாக ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியெல்லாம் இழுபட்டுப் போகும்.

சாம்பாரும் ரிமூவரும்

கையால் பிசைந்து சாப்பிடும் வீட்டில் வெள்ளை நகத்துக்கு மஞ்சள்தூள்தான் எதிரி. டாப் கோட் ஓரளவு காக்கும், முழுதாகக் காக்காது. விசேஷத்துக்கு முந்தைய நாள் வெள்ளை பூசினால் அன்று சமையலறையில் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. உரியத் தொடங்கிய பாலிஷோடு மாவு பிசையக் கூடாது. உடனே எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும்போது, ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் பத்து விநாடி அழுத்தி வைத்துவிட்டு, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். சுரண்டினால் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். பிறகு கை கழுவி ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், பாலிஷும் அப்படித்தான். கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் இரண்டையும் திறக்கவே கூடாது. பிளாஸ்டிக் சாமான், வார்னிஷ் மேசை மேல் அசிட்டோன் சிந்தினால் தடம் விழும்.

பாலிஷ் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரிப்பு விரலில்தான் வர வேண்டும் என்பதில்லை. கை அடிக்கடி முகத்தில் படுவதால் கண் இமையிலும் கழுத்திலும் தடிப்பு வரக்கூடும். காரணம் தெரியாமல் இமை சிவந்தால், பாலிஷை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விளக்கில் காட்டி இறுக்கும் ஜெல் கிட்டுகளில் இந்தத் தொந்தரவு அதிகம். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் வாழ்நாள் முழுக்க ஒவ்வாமை நிற்கக்கூடும். ஜெல்லில் சேர்க்கப்பட்டு வந்த டிபிஓ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் தடை செய்திருக்கிறது. பழகும்வரை வீட்டில் சாதாரண பாலிஷோடு நிற்பதே நல்லது.

அறுவை சிகிச்சைக்கோ அவசர சிகிச்சைக்கோ மருத்துவமனை போக நேர்ந்தால், முன்பே பாலிஷை எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியின் அளவீடு அடர் நிறப் பூச்சினால் பிசகலாம். மருத்துவர்கள் நகத்தின் இயல்பான நிறத்தையும் பார்ப்பார்கள்.