நம்பிக்கைகளும் உண்மைகளும்: இலங்கையும் மூன்றரை ரூபாய்க் கணக்கும்

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் மனு எழுதித் தருபவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பட்டா, முதியோர் உதவித்தொகை, வழித்தகராறு என்று வந்தவர்களுக்கு நடுவே அடிஅண்ணாமலை இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். பேச்சில் ‘ஆமாம்’ என்பதற்குப் பதில் ஒரு ‘ஓம்’ விழுந்தால் போதும், பக்கத்தில் டீ குடிப்பவர் ஆரம்பித்துவிடுவார்: “உங்க நாடு திவாலாயிடுச்சாமே?” அப்புறம் ஆளுக்கொரு பொருளாதாரம். 2022-இலிருந்து இலங்கையைப் பற்றி நம் ஊரில் ஓடும் பேச்சில் பாதி சரிதான். மிச்சப் பாதியை மட்டும் இங்கே பார்க்கலாம்.

“நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க மூன்றரை ரூபாய். அப்போ நாம மூன்றரை மடங்கு வசதி!”

மாற்று விகிதம் சரி. முடிவு தப்பு. நம் ஒரு ரூபாய்க்கு ஜப்பான் யென்னும் ஒன்றரைக்கு மேல் கிடைக்கிறது. அதற்காக ஜப்பான்காரர் நம்மைவிட ஏழை என்று யாரும் சொல்வதில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் இரண்டு நாட்டு ரூபாயும் சரிக்குச் சரி. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது சிலோன் ரூபாய் ஒன்றுக்கு நம் காசு ஒன்றரை ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அவர்களும் குறைத்தார்கள். அதற்காக நாம் திடீரென்று ஏழைகளாகிவிட்டோமா என்ன?

ஒரு நோட்டின் மதிப்பு அது எதை வாங்குகிறது, அதைச் சம்பாதிக்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. 2024 டிசம்பரில் இலங்கை அரசு நாட்டரிசிக்கு நிர்ணயித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாய். கேட்டால் தலைசுற்றும். மூன்றரையால் வகுத்தால் நம் காசுக்கு ஏறத்தாழ 66 ரூபாய். நம் ஊர் மளிகைக் கடையில் சுமாரான பொன்னி விற்கும் விலையை ஒட்டித்தான் வருகிறது. கூலியையும் அப்படியே பார்க்கலாம். 2024-இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 இலங்கை ரூபாயானது, அதாவது நம் காசில் ஏறத்தாழ 386 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319. மலையகத்துக் கொழுந்துக் கூடைக்கும் நம் ஏரி மண்வெட்டிக்கும் நடுவே மூன்றரை மடங்கு எங்கும் இல்லை.

நாட்டு வருமானத்தைத் தலைக்குப் பிரித்துப் பார்த்தால் டீக்கடை இன்னும் அதிர்ச்சியடையும். உலக வங்கிக் கணக்கில் 2024-இல் இலங்கைக்கு ஏறத்தாழ 4,500 டாலர், இந்தியாவுக்கு 2,700. திவாலான பிறகும் அப்படி.

“எல்லாத்தையும் இலவசமா கொடுத்துத்தான் இலங்கை நாசமாப் போச்சு. அடுத்து தமிழ்நாடுதான்.”

2022-இல் டிவி விவாதம் முதல் டீக்கடை பெஞ்சு வரை இதே பாட்டு. அதிகம் பரவியதும் அதிகம் பிசகியதும் இதுதான் என்பேன்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945-இல் வந்தது, கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில். அரசு ஆஸ்பத்திரியில் இலவச மருத்துவம் 1951-இலிருந்து. இவைதான் கஜானாவைக் காலி செய்தன என்றால் எழுபது வருஷம் எதற்காகக் காத்திருந்தன? நடந்தது வேறு. 2019 கடைசியில் கோத்தபய ராஜபக்ச அரசு வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து ஏறக்குறையப் பாதியாக, 8 ஆகக் குறைத்தது. வருஷம் முப்பது லட்சம் ரூபாய் வரை வருமான வரியே இல்லை என்றது. அதாவது கொடுத்துக் கெட்டதைவிட வாங்காமல் கெட்டதுதான் அதிகம். 2021-இல் அரசின் வருமானம் நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதற்கு முன்பே ஈஸ்டர் குண்டுவெடிப்பு சுற்றுலாவை அடித்திருந்தது. கொரோனா மிச்சத்தை முடித்தது. 2021-இல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு நெல்லையும் தேயிலையையும் கெடுத்துக்கொண்டார்கள். ஒரு டாலர் 200 ரூபாய்தான் என்று பிடிவாதமாக நிறுத்தி, இருந்த டாலரையும் கரைத்தார்கள். கையில் டாலர் இல்லாமல் போனதும் 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 70 சதவீதம் கூடியிருந்தது.

கவனிக்க வேண்டியது டாலரைத்தான். தமிழ்நாடு அரசு வாங்கும் கடனுக்கு ரூபாயில்தான் வட்டி கட்டுகிறது. பெட்ரோல் கப்பலுக்கு டாலர் தர வேண்டியது இந்தியாவின் கையிருப்பு. ரேஷன் அரிசியால் அந்த டாலர் தீராது. தமிழ்நாட்டின் கடன் கூடிவருவது பேச வேண்டிய விஷயம், தாராளமாகப் பேசலாம். ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு. டாலர் தீர்ந்த நிலையை இந்தியாவும் பார்த்திருக்கிறது. 1991-இல் மூன்று வார இறக்குமதிக்குக்கூடத் திணறி, ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை லண்டனிலும் ஜப்பானிலும் அடகு வைத்தது. அப்போது நம்மைப் பார்த்துக் கொழும்பு டீக்கடையில் என்ன பேசினார்களோ!

“சீனாக்காரன் கடன் கொடுத்து அமுக்கிட்டான்.”

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 வருஷக் குத்தகைக்குப் போனது உண்மை. ஆனால் இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் டாலரில் விற்ற பத்திரங்களுக்குத்தான். சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியது. பத்திரம் வாங்கிய நிதி நிறுவனங்களுக்கு வரைபடத்தில் காட்ட ஒரு துறைமுகம் இல்லை. அதனால் பெயரும் கெடவில்லை.

“என்ன இருந்தாலும் வாழ்க்கைத் தரத்துல நாமதான் மேலே.”

நாம் என்றால் யார் என்று முதலில் கேட்க வேண்டும். ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் 2023 கணக்குப்படி இலங்கை 89-ஆவது இடம், இந்தியா 130. மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2016-இலேயே சான்று கொடுத்துவிட்டது. ஆனால் 140 கோடிப் பேரின் சராசரியை இரண்டே கால் கோடிகூட இல்லாத தீவோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை. அந்தத் தீவுக்குச் சரியான ஜோடி தமிழ்நாடுதான்.

இந்த ஜோடியில் படம் கலங்குகிறது. தொழிலில் நாம் வெகுதூரம் போய்விட்டோம். 2024-25-இல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி மட்டும் 14 பில்லியன் டாலருக்கு மேல். இலங்கையிலிருந்து 2024-இல் போன மொத்தச் சரக்கும் 13 பில்லியனைத் தொடவில்லை. நம் செய்யாறு சிப்காட்டில் ஷூ தைக்கப் போகும் பெண்களின் பஸ்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். குழந்தைகளின் உயரத்தில் கதை மாறுகிறது. 2016 ஆய்வில் இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் 25. நம்மிடம் காசு வந்த வேகத்துக்குக் குழந்தைகள் வளரவில்லை.

உடனே இலங்கையைத் தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். அதே 2016 ஆய்வில் தோட்டப் பகுதிக் குழந்தைகளிடம் அந்த அளவு 32 சதவீதத்தை ஒட்டியிருந்தது. தேயிலை விற்ற டாலர், பறித்தவர் வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. நாட்டு உற்பத்தியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்துடையது. வட மாகாணத்துக்கு ஐந்து சதவீதம் தேறினால் பெரிது. நெருக்கடிக்குப் பின் வறுமை இரட்டிப்பானது என்கிறது உலக வங்கி.

“அங்கே எல்லாம் சரியாயிடுச்சே, முகாம்காரங்க ஊருக்குப் போகலாமே?”

சரியானது கொஞ்சம் இருக்கிறது. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடியபோதும் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. 2024-இல் தேர்தல் ஒழுங்காக நடந்து அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாக வந்தார். விலைவாசி அடங்கியது. இந்த வகை நிலைத்தன்மைக்கு இலங்கையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2009-இல் முடிந்த போரில் காணாமல் போனவர்களின் தாய்மார் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராணுவத்திடம் இருக்கும் காணிகள் முழுசாகத் திரும்பவில்லை. பணவீக்கம் குறைந்ததால் இவை தீராது.

இன்னொன்று. முகாம் இளைஞர்களில் பலர் பிறந்ததே இங்கேதான். 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அதனால் கலெக்டர் ஆபீஸ் டீக்கடையில் அவர்களைப் பார்த்தால் “உங்க நாடு எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி இந்தியா சொந்த நாடில்லை. இலங்கையை அவர்கள் கண்ணால் பார்த்ததும் இல்லை.