விமானம் சொல்பேச்சு கேட்கவில்லையா? பர்ஸைத் திறக்காதீர்கள்!

வீட்டு மேஜையில் ஜாய்ஸ்டிக், காலடியில் பெடல் என்று சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமையில் பாதி பறப்பதில் போகும், மீதி ரிப்பேரில் போகும். கோபத்தில் புதுக் கருவி ஆர்டர் போடுவதற்கும், 150 ஜிபி இடம் கேட்கும் சிமுலேட்டரை அழித்துத் திரும்பப் போடுவதற்கும் முன்னால் இவற்றை ஒரு கை பாருங்கள். முக்கால்வாசித் தொல்லை, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருப்பதால்தான் வருகிறது. அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம்.

1. கோளாறு கருவியிலா, சிமுலேட்டரிலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'ஜாய் டாட் சிபிஎல்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் விண்டோஸின் சோதனைப் பக்கம் திறக்கும். அங்கே குறி வழவழவென்று நகர்ந்தால் கருவி நல்லது. அங்கேயே துள்ளினால், சிமுலேட்டரை எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும் துள்ளத்தான் செய்யும்.

2. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், தனக்குத் தெரிந்த எந்தக் கருவியைச் செருகினாலும் தானாகவே ஒரு ப்ரொஃபைலைக் கொடுத்துவிடும். புது யோக் வந்த பிறகும் பழைய ஜாய்ஸ்டிக் செருகியே இருந்தால் எலிவேட்டர் இரண்டிலும் இருக்கும். ஒரே ஸ்டியரிங்கை இரண்டு பேர் பிடித்த மாதிரி விமானத்தின் மூக்கு ஆடும். எலிவேட்டர், எய்லரான், ரடர், த்ராட்டில் நான்கும் ஆளுக்கு ஒரே ஒரு கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதில் அழித்துவிடுங்கள்.

3. பிள்ளைகளின் கேம்பேட் கம்ப்யூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தால் கழற்றி வையுங்கள். சோபாவில் கவிழ்ந்து கிடக்கும் கேம்பேடின் குச்சி லேசாகச் சாய்ந்தாலே விமானம் ஒரு பக்கம் இழுக்கும்.

4. இன்ஜின் உறுமுகிறது, விமானம் அசையவில்லையா? பெடலைக் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள்; மிதித்தவுடன் ஓட ஆரம்பித்தால் டோ பிரேக் தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும், மிதித்தால் விடும்! இடது, வலது பிரேக் இரண்டுக்கும் 'ரிவர்ஸ் ஆக்ஸிஸ்' கொடுத்தால் சரியாகிவிடும். அதிலும் நகராவிட்டால் பார்க்கிங் பிரேக்கையும், சக்கரத்துக்கு வைத்த கட்டையையும் பாருங்கள்.

5. ஆட்டோபைலட் போட்ட கொஞ்ச நேரத்தில் தானாகக் கழன்றுகொள்கிறதா? பெரிய ஜெட் ஆட்-ஆன்களில், கையால் குச்சியை நகர்த்தினால் ஆட்டோபைலட் விலகிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். தேய்ந்த ஜாய்ஸ்டிக்கின் நடுக்கத்தையும் அது உங்கள் கை என்றே நினைத்துக்கொள்கிறது. டெட்ஸோனை 3, 4 சதவீதத்துக்கு ஏற்றிப் பாருங்கள், விமானத்தின் மேல் பழி போட வேண்டியிருக்காது.

6. அதற்காக டெட்ஸோனை 20 வரை ஏற்றிவிடாதீர்கள். நடுவில் குச்சி செத்துக் கிடக்கும், இறங்கும்போது அளவாகத் திருத்த முடியாது. குச்சி துடுக்காக இருக்கிறது என்பதுதான் குறை என்றால் தொட வேண்டியது சென்ஸிட்டிவிட்டி வளைவை.

7. த்ராட்டில் குறி ஓரிடத்தில் மட்டும் குதிக்கிறதா? சிமுலேட்டரை மூடிவிட்டு, லீவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை முப்பது நாற்பது தடவை தள்ளி இழுங்கள். உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும் கருவி என்றால், தடத்தில் படிந்த தூசி விலகிப் பல நேரம் இதிலேயே தேறிவிடும்.

8. தேறாவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் க்ளீனர் கிடைக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு பீச்சு அடித்து, லீவரை ஆட்டி, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், பிசுக்கு நின்று தூசியை இன்னும் இழுக்கும். வாரண்டி இருக்கும் கருவியைத் திறக்காதீர்கள்.

9. ஹால் சென்சார் உள்ள ஜாய்ஸ்டிக்கில் சென்சார் உரசித் தேய்வதில்லை, ஆனால் அது வேலை செய்வதே காந்தத்தை வைத்து. பக்கத்தில் ஸ்பீக்கரோ, காந்த மூடி வைத்த மொபைல் உறையோ இருந்தால் நடுப்புள்ளி விலகும். அவற்றை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

10. பறந்துகொண்டிருக்கும்போதே கருவி 'டொய்ங்' என்று துண்டித்துக்கொண்டு திரும்ப ஒட்டிக்கொள்கிறதா? விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுங்கள்; பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் அணைத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை எட்டிப் பாருங்கள், டிக் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கலாம்.

11. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும், 3.0 போர்ட் 900 கொடுக்கும். சாதா ஹப்பில் யோக், பெடல், த்ராட்டில், விளக்கு எரியும் பேனல் எல்லாவற்றையும் மாட்டினால் அத்தனையும் அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தைத்தான் பங்கு போடும். இதற்குக் காசு செலவழிக்கலாம் என்று மனதாரச் சொல்வேன்: தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள்.

12. ஹப் வாங்கும்வரை, கேபினட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு மதர்போர்டில் நேராக இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் எல்லாம் சேர்த்து 5 மீட்டரைத் தாண்ட வேண்டாம், அது யூஎஸ்பி 2.0-வின் எல்லை.

13. கருவியை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுக் கருவி என்று நினைக்கலாம், சிமுலேட்டரில் போட்டு வைத்த பட்டனெல்லாம் காணாமல் போகும். கேபிள் நுனியிலும் போர்ட்டிலும் ஒரே நிற நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். வீடு பெருக்கும்போது யார் கழற்றினாலும் அதே இடத்துக்குத் திரும்ப வந்துவிடும்.

14. கருவிகளைப் பதிய எஃப்எஸ்யூஐபிசி என்ற துணை மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதிலிருக்கும் 'ஜாய் லெட்டர்ஸ்' வசதியைப் போட்டுவிடுங்கள். கருவிகளுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்துப் பெயர் கிடைக்கும். விண்டோஸ் எண்ணை மாற்றினாலும் உங்கள் பதிவு கலையாது.

15. ஒரு ஆக்ஸிஸை எஃப்எஸ்யூஐபிசியில் போட்டால் சிமுலேட்டரில் அழியுங்கள், சிமுலேட்டரில் வைத்தால் எஃப்எஸ்யூஐபிசியில் அழியுங்கள். கருவிக் கம்பெனி கொடுக்கும் கான்ஃபிகரேட்டர், ஸ்பாட் நெக்ஸ்ட் மாதிரி மென்பொருள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். லேண்டிங் கியர் இறங்கி உடனே ஏறுகிறதா? ஒரே பட்டன் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கும்.

16. நிலையாக நிற்கும் சுவிட்சுக்கு 'டாகிள்' கட்டளை கொடுக்காதீர்கள். ஒரு தடவை பிசகினால் அப்புறம் சுவிட்ச் மேலே இருக்கும்போது விளக்கு அணையும், கீழே இருக்கும்போது எரியும். 'ஆன்' ஒன்று, 'ஆஃப்' ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் எப்போதும் ஒத்துப்போகும்.

17. எல்லாம் அணைந்த விமானத்தில் ஏறப் போகிறீர்களா? லோட் ஆவதற்கு முன்பே மேஜையில் இருக்கும் பேட்டரி, ஆல்டர்னேட்டர், மேக்னெட்டோ எல்லாவற்றையும் ஆஃபில் வையுங்கள். லோட் ஆன பின்பும் பொருந்தாமல் இருந்தால் ஒவ்வொரு சுவிட்சையும் ஒரு தடவை மேலும் கீழும் தட்டினால் போதும்.

18. லீவரைப் பாதி தள்ளியதும் இன்ஜின் முழு வேகத்துக்குப் போகிறதா, அல்லது முழுதாக இழுத்தாலும் பாதி வேகத்தில் நிற்கிறதா? த்ராட்டில் ஆக்ஸிஸ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளை இருக்கிறது. '0 முதல் 100%' என்று இருப்பதைப் போட்டிருந்தால் சாதாரணத்துக்கும், சாதாரணத்தைப் போட்டிருந்தால் அதற்கும் மாற்றிப் பாருங்கள்.

19. ஏர்பஸ் பிரியர்களுக்கு இது. ஏறும்போது திரையின் மேல்மூலையில் 'எல்விஆர் சிஎல்பி' என்று மின்னிக்கொண்டே இருந்தால், உங்கள் லீவர் 'சிஎல்' பள்ளத்தில் உட்காரவில்லை என்று விமானம் நினைக்கிறது. ஃப்ளைபைவயர் இலவசமாகத் தரும் ஏ32என்எக்ஸ் விமானத்தில், காக்பிட்டில் இருக்கும் டேப்லெட்டைத் திறந்தால் த்ராட்டில் கேலிப்ரேஷன் பக்கம் உண்டு. ஐடில், சிஎல், ஃப்ளெக்ஸ், டோகா ஒவ்வொன்றிலும் லீவரை வைத்துப் பதியுங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டுப் பதிந்தால் லீவர் நடுங்கினாலும் நழுவாது. உங்கள் லீவரில் பள்ளமே இல்லையா? பக்கவாட்டில் ஒட்டிய டேப்பில் பேனாக் கோடு போதும்.

20. டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா? பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அடியில் ஒட்டுங்கள். நாற்காலி சக்கரம் பின்னால் உருண்டால், பெடலையும் நாற்காலியின் நடுக் கம்பத்தையும் ஒரு நாடாவால் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

21. கண்ணாடி மேஜையில் யோக்கின் கிளாம்ப்பை முறுக்காதீர்கள். தச்சரிடம் கேட்டால் ப்ளைவுட் துண்டு சும்மாவே கிடைக்கும். அதில் மாட்டி மடியிலோ மர மேஜையிலோ வைத்துக்கொள்ளலாம்.

22. இனி ஆட்-ஆன் பக்கம். எந்தக் கோளாறு வந்தாலும் முதல் மருந்து, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் ஆட்-ஆன்களைப் போட்டு வைக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று வைப்பது. பத்து நொடி வேலை, எதையும் நகலெடுக்க வேண்டாம். கோளாறு போய்விட்டால் குற்றவாளி ஆட்-ஆன்களுக்குள் இருக்கிறது. போகவில்லை என்றால் அந்த ஃபோல்டரில் இருந்தவற்றைச் சந்தேகிப்பதை விட்டுவிடுங்கள்.

23. குற்றவாளியை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடாதீர்கள், பாதி பாதியாகத் தேடுங்கள். 40 ஆட்-ஆன் இருந்தால் 20 போட்டுப் பாருங்கள், கோளாறு வந்தால் அந்த 20-இல் 10, வராவிட்டால் மற்ற 20-இல் 10. கெட்டது ஒன்றுதான் என்றால் ஆறு தடவை திறந்து மூடுவதற்குள் அகப்பட்டுவிடும்.

24. கம்யூனிட்டி ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று டிரைவ் முழுக்கத் துழாவ வேண்டாம். 'யூசர்சிஎஃப்ஜி டாட் ஆப்ட்' என்ற ஃபைலை நோட்பேடில் திறந்தால், கடைசியில் 'இன்ஸ்டால்டு பேக்கேஜஸ் பாத்' என்று முகவரி எழுதியிருக்கும்.

25. புது ஆட்-ஆன் போட்டும் பட்டியலில் தெரியவில்லையா? ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். ஆட்-ஆன் ஃபோல்டரைத் திறந்ததுமே 'மேனிஃபெஸ்ட்', 'லேஅவுட்' என்ற இரண்டு ஜேசன் ஃபைலும் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் உள்ளிருப்பதை வெளியே எடுத்து வையுங்கள்.

26. விண்டோஸில் ஃபைலின் முழு முகவரி 260 எழுத்தைத் தாண்டினால் பல நேரம் தகராறுதான். ரயில் நீளத்துக்குப் பெயர் வைத்த லிவரி ஃபோல்டர்களைச் சுருக்கிவிடுங்கள்.

27. ஓடுபாதைக்கு நடுவில் கட்டடம் முளைத்திருந்தால், அந்த விமான நிலையத்துக்கு இரண்டு சீனரி போட்டிருக்கிறீர்கள். கம்யூனிட்டி ஃபோல்டரின் தேடல் கட்டத்தில் நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டை அடியுங்கள், சென்னைக்கு விஓஎம்எம், மதுரைக்கு விஓஎம்டி. இரண்டு வந்து நின்றால் ஒன்றுக்கு விடை கொடுங்கள்.

28. எக்ஸ்-ப்ளேன் சிமுலேட்டர் படுத்துவிட்டால் உடனே திரும்பத் திறக்காதீர்கள்! அதன் முதன்மை ஃபோல்டரில் இருக்கும் லாக் ஃபைல் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதிதாக எழுதப்படும், தடயம் போய்விடும். முதலில் அதை டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள், பிறகு கடைசிப் பத்துப் பதினைந்து வரியைப் படியுங்கள். ஏதாவது ப்ளக்-இன் பெயர் இருந்தால் 'ரிசோர்சஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ப்ளக்-இன்ஸ்'-லிருந்து அதை மட்டும் வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள்.

29. எக்ஸ்-ப்ளேனில் காசு கொடுத்து வாங்கிய விமான நிலையம் தெரியவில்லையா? 'கஸ்டம் சீனரி' ஃபோல்டரில் 'சீனரி பேக்ஸ்' என்ற ஐஎன்ஐ ஃபைல் இருக்கிறது, அதில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். விமான நிலையங்கள் மேலே, நிலப்பரப்பு மெஷ் கடைசியில் என்று வரிகளை மாற்றி வையுங்கள்.

30. போட்ட ரூட்டில் ஒரு புள்ளியை விமானத்தின் வழி காட்டும் கணினியான எஃப்எம்சி ஏற்க மறுத்தால், டேட்டா பழசாகியிருக்கும். உலகம் முழுக்க ஏய்ராக் என்ற இந்த வழித்தட டேட்டா 28 நாளுக்கு ஒரு முறை மாறுகிறது. ரூட் போடும் சிம்ப்ரீஃபும் விமானமும் ஒரே சுற்றில் இருந்தால் சண்டை வராது. சந்தா கட்ட மனமில்லையா? புதுசு தேவையில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

31. தலையைத் திருப்பினால் பார்வை திரும்பும் ட்ராக்ஐஆர் பகலில் மட்டும் துள்ளுகிறதா? அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது, ஜன்னல் வெயிலிலும் அதே ஒளி இருக்கிறது. திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். கருவியே வாங்காதவர்கள் ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளை வெப்கேமராவோடு போட்டுப் பார்க்கலாம்.

32. பட்டனெல்லாம் சரியாக அமைந்த அன்றே ஒவ்வொரு செட்டிங்ஸ் பக்கத்தையும் மொபைலில் படம் பிடித்து வையுங்கள். எக்ஸ்-ப்ளேன்காரர்கள் 'அவுட்புட்' ஃபோல்டரின் 'ப்ரிஃபரன்சஸ்' உள்ளே இருக்கும் 'கன்ட்ரோல் ப்ரொஃபைல்ஸ்'-ஐ பென்டிரைவில் ஒரு நகல் போட்டுவிடலாம்.

33. சிமுலேட்டருக்குப் பெரிய அப்டேட் வந்த அன்று நீண்ட பயணம் திட்டமிடாதீர்கள், ஆட்-ஆன் செய்தவர்களும் அவரவர் அப்டேட் விட வேண்டும். முதல் தடவை லோட் ஆக வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று பாதியில் மூடிவிடாதீர்கள். காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

34. பட்டன் பாக்ஸ் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், தனி யூஎஸ்பி நம்பர் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நம்பர் பேடின் 7 மூக்கைத் தாழ்த்தும் ட்ரிம், 1 உயர்த்தும் ட்ரிம் என்று ஏற்கெனவே பதிவாகியே வருகிறது. மற்ற எண்களை மாற்றும்போது பழைய கட்டளையை அழித்துவிட்டுப் போடுங்கள், காகிதத்தில் எழுதி ஒட்டி, மேலே செல்லோ டேப் போட்டால் கை வியர்வையில் அழியாது.